காமு ஓடும் நாட்கள்

காமு மாதத்தில் மூன்று நாள்தான் ஓடுவாள். எந்த மூன்று நாள் என்றால், மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கமே தலைகாட்டாத அதே மூன்று நாள்.

இதற்குக் காரணம் வீரம் இல்லை, சமையலறை. சிட்லபாக்கத்தில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் கைவிட்டுவிட்ட வழக்கத்தை அவள் கணவர் பட்டாபிராமன் கைவிடவில்லை. விலக்கானால் காமு சமையலறைக்குள் போகக் கூடாது, பூஜை அலமாரிப் பக்கம் நிற்கக் கூடாது. பின்னறையில் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். பட்டாபிராமன் கொடுமைக்காரர் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் தள்ளியவர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அம்மா இருந்தவரை இருந்த வழக்கம், தன் காலத்தில் நின்றுபோனதாக இருக்க வேண்டாம் என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் காமுவுக்கு அது அவமானமாக இருந்தது. அப்புறம் ஸ்ம்ருதி பிறந்தாள். செலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் காமுவுக்கு வேலையும் கிடைத்தது. விடியுமுன் எழுந்து காபி, குக்கர், டிபன், ஆளுக்கொரு சாப்பாட்டு டப்பா, பூஜைப் பாத்திரம் என்று பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான், அந்த அவமானத்துக்குள்ளேயே கொஞ்சம் ஓய்வும் ஒளிந்திருப்பது தெரிந்தது.

ஆனால் ஓய்வு என்று சொன்னால் உடம்பு கேட்கிறதா? வழக்கமான நேரத்துக்குக் கண் திறந்துவிடும். பின்னறையில் படுத்திருந்தால், சமையலறையில் பட்டாபிராமன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்கும்.

"காமு, கடுகு எங்க?"

"இடது பக்கம், ரெண்டாவது தட்டு."

"இது வெந்தயமாச்சே?"

"அதுக்குப் பின்னால பாருங்கோ."

இப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே சமையல் நடத்துவதற்குப் பதில் வெளியே போய்விடலாம் என்று ஒரு நாள் தோன்றியது. ஸ்ம்ருதி கனடாவுக்குப் போகும்போது விட்டுச் சென்ற ஷூ செருப்பு அலமாரியில் கிடந்தது. போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"நான் வாக்கிங் போயிட்டு வரேன்னா."

"இந்த நாள்லயா?"

"நடக்கறதுக்கு மடி வேணுமா என்ன?"

அவர் டப்பாக்களிடம் திரும்பிப் போனார்.

முதல் மாதம் நடந்தாள். அடுத்த மாதம் நடந்துகொண்டிருக்கும்போது தூறல் பிடித்தது. எதிரில் தெரிந்த மரத்தடியில் ஒதுங்கலாம் என்று ஓடினாள். மரம் வந்தது. அவள் நிற்கவில்லை. துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று கூடப் பார்க்காமல் ஓடினாள். காலையிலிருந்து அடிவயிற்றை முறுக்கிக்கொண்டிருந்த வலி, பாதிச் சுற்றுக்குள் பிடியை விட்டது. வெந்நீர்ப் பை தராத ஆறுதல் அது. நாற்பத்துமூன்று வயதில், மழையில் நனைந்த சுடிதாரோடு, தனக்கு ஓடத் தெரியும் என்று காமு கண்டுபிடித்தாள்.

ஏரிக்கரையில் ஓடும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி என்று யாரும் கிடையாது. ஆனால் கிறிஸ்டினா வராவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். வேங்கைவாசல்காரி, முப்பது தாண்டியவள், குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி பார்க்கிறவள். ஓடும்போதும் வாய் ஓயாது.

"இன்னாக்கா, மாசத்துக்கு ஒரு தபா அமாவாசை மாதிரி வர்றீங்க. மீதி நாள் எங்க போயிடறீங்க?"

"வேலைம்மா," என்று காமு சமாளித்தாள்.

சில மாதங்களில் கிறிஸ்டினாவே கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு நாள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கேங்ல எல்லாரும் பீரியட்ஸ் வந்தா லீவு போடுவாங்க. நீங்க பீரியட்ஸ் வந்தாத்தான் டியூட்டிக்கே வர்றீங்க."

காமுவுக்குக் காது சூடானது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. கரைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கிறிஸ்டினா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அப்ப மீதி நாளெல்லாம் ஆசை வந்தா?"

"மீதி நாள் சமையல்."

காமு தனக்கென்று ஒரு சித்தாந்தமே வைத்திருந்தாள். அந்த மூன்று நாள் தன் உடம்புக்கு ஏதோ தனி பலம் வருகிறது, மற்ற நாளில் தன்னால் ஓடவே முடியாது. ஆதாரமும் இருந்தது. ஒரு தடவை பட்டாபிராமன் ஆபீஸ் பயிற்சிக்கென்று வெளியூர் போன வாரம், விலக்கு வர இன்னும் சில நாள் இருக்கும்போது போய் ஓடிப் பார்த்தாள். ஈரப் புடவையைக் காலில் சுற்றிக்கொண்டு ஓடுவது மாதிரி இருந்தது. மூச்சு வாங்கியது, மார்பு கனத்தது, ஒரு சுற்றோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"அது பலமும் இல்ல, பலவீனமும் இல்லக்கா," என்றாள் கிறிஸ்டினா. "வர்றதுக்கு முந்தின வாரம் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறி நிக்கும். மூச்சும் சீக்கிரம் வாங்கும். அதே வேகத்துல ஓடினாலும் கஷ்டமா தோணும். வந்தப்புறம் சூடு எறங்கிடும். வலி பெருசா இல்லாதவங்களுக்கு அப்ப லேசா இருக்கும். சில பேரால அன்னிக்குப் படுக்கைய விட்டே எழுந்திருக்க முடியாது. ஆளுக்கு ஆள் வேற."

"அப்போ முந்தின வாரம் ஓடப்படாதா?"

"யாரு சொன்னா? மெதுவா ஓடுங்க. உடம்பு அது பாட்டுக்கு மாறிகினு இருக்கும், நாம வேகத்த மாத்திக்கணும். ஓடறதையே விட்டுட்டா எப்டி?"

காமு தலையாட்டினாள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வாரத்துக் காலைகள் அவளுடையவை இல்லையே, காஸ் அடுப்புடையவை.

இப்படி மூன்று நான்கு வருஷம் ஓடியது. நாற்பத்தேழாவது வயதில், ஆடிக்குப் பிறகு, விலக்கு வரவில்லை. ஒரு மாதம் பார்த்தாள். தள்ளிப் போகிறது என்று நினைத்தாள். பிறகும் வரவில்லை. மற்ற பெண்களாக இருந்தால் விட்டது தொல்லை என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். காமு ராத்திரி படுத்தால் அதே யோசனை: இது நின்றால் ஓட்டமும் நின்றது. போதாக்குறைக்கு, மார்கழியில் ஏரிக்கரைக் குடியிருப்போர் நடத்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிறிஸ்டினா எல்லார் பெயரையும் கொடுத்திருந்தாள். காமுவும் சரி என்று சொல்லியிருந்தாள்.

கேட்டுவிட்டுப் போகலாமே என்று யாருக்கும் தோன்றும். காமுவுக்கும் தோன்றியது. ஆனால் அவள் கேட்டு வாங்கிய காலை என்று ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. அந்த மூன்று நாள் தானாக வந்தது, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பல்வலி ஒரு காரணம், பெண்ணின் பரீட்சை ஒரு காரணம், கல்யாணம் கருமாதி காரணம். ஓட வேண்டும் என்பது அந்த வீட்டில் ஒரு காரணமாக இருந்ததே இல்லை.

புரட்டாசியில் ஒரு மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் தூரமாயிட்டேன்," என்றாள்.

"சரி," என்றார் பட்டாபிராமன். மறுநாள் காலை ரவையைத் தேடப் போனார்.

பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. ஆனால் ஓடினாள். வயிற்றில் வலி இல்லை, துணியைப் பற்றிய கவலை இல்லை, கால் தன் போக்கில் போனது. அப்போ அந்தத் தனி பலம் என்பதெல்லாம் சும்மா. எந்த நாளிலும் ஓடக்கூடிய உடம்புதான் இது. அது தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடி தூரமானாள்.

"இப்பதானே..." என்று இழுத்தார் அவர்.

"இந்த வயசுல முறை தப்பும்."

இந்த வாக்கியத்துக்கு முன்னால் நின்று எதிர்க்கேள்வி கேட்கும் ஆண்பிள்ளை அந்தத் தெருவிலேயே கிடையாது. பட்டாபிராமன் வாயை மூடிக்கொண்டார். ஐப்பசி பிறந்ததும் மறுபடி ஒரு தூரம்.

அவர் வாயை மூடியது காமுவிடம் மட்டும்தான். டொராண்டோவிலிருந்து ஸ்ம்ருதியின் வீடியோ கால் வந்தது. அங்கே நடுராத்திரி, தூங்காத முகம்.

"அம்மா, அப்பா என்னென்னவோ சொல்றார். மாசத்துக்கு ரெண்டு தடவை வருதாமே. ஸ்கேன் எடுத்தியா? நான் நெட்ல பார்த்தேன், பயமா இருக்கு. டிக்கெட் போடட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. தூங்கு."

"ஒண்ணும் இல்லன்னு நீ சொன்னா அதுலதான் ஏதோ இருக்கு."

பெண்ணிடம் உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் ஸ்ம்ருதிக்குத் தெரிந்தால் ஐந்து நிமிஷத்தில் பட்டாபிராமனுக்கும் தெரியும். காமு போனை அணைத்துவிட்டு, பின்னறைப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலை பட்டாபிராமன் ஆபீசிலிருந்து இரண்டு கைப்பை நிறைய சாமானோடு வந்தார். வாழைக்காய், பாகற்காய், பிரண்டை, கறுப்பு எள். காமுவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமியாருடைய திதி. போன வருஷம் பள்ளியில் யூனிட் டெஸ்ட் நடந்த வாரம் வந்தது, அதனால் இன்னும் நாள் இருக்கிறது என்று மனசில் இங்கிலீஷ் தேதியைப் போட்டுவைத்திருந்தாள். திதி இங்கிலீஷ் தேதியைப் பார்த்தா வரும்? இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நாளை மறுநாள் தெவசம். இவள் பின்னறையில்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு, தெவசம் செய்துவைக்கும் வாத்தியாருக்குப் போன் போட்டபடியே பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"அஞ்சாம் நாள் வெச்சுக்கலாமான்னு வாத்தியார் மாமாவைக் கேக்கறேன். வழி இருக்கு. அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. நீ கவலைப்படாதே. வியாழக்கிழமை லேடி டாக்டரண்ட சொல்லி வெச்சிருக்கேன், அரை நாள் லீவும் போட்டுட்டேன்."

அவர் கத்தியிருந்தால் காமு ஒருவேளை சமாளித்திருப்பாள்.

"போனை வையுங்கோ. நான் தூரமில்லை."

"என்னது?"

"இன்னிக்கு இல்லை. போன தடவை இல்லை. அதுக்கு முந்தியும் இல்லை. ஆடிக்கப்புறம் எனக்கு வரவே இல்லை."

போனுக்குள்ளிருந்து வாத்தியார் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசறேன் மாமா," என்று பட்டாபிராமன் அதை அணைத்தார்.

"எதுக்குடி பொய்?"

"ஓடறதுக்கு."

"எங்க ஓடப் போறே?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏரியைச் சுத்தித்தான். வேற எங்க? மூணு நாலு வருஷமா ஓடறேன். நீங்க நடக்கறேன்னு நினைச்சுண்டிருக்கேள்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார்.

"மாட்டேள். தாராளமா போம்பேள். அடுத்த நிமிஷம், டிபன் என்ன பண்ணி வெச்சுட்டுப் போறேம்பேள்."

பட்டாபிராமன் சமையலறைப் பக்கம் பார்த்தார். அந்தக் கேள்வி அப்போதுதான் அவர் நாக்கு நுனிக்கு வந்திருந்தது.

"நாளன்னிக்கு நான் மடியா சமைக்கறேன்," என்றாள் காமு. "அம்மா காரியத்துல ஒரு குறை வராது. அதுக்கப்புறம் வாரத்துல மூணு நாள், திங்கள் புதன் வெள்ளி, காலம்பற நான் ஆத்துல இருக்க மாட்டேன். தூரம்னு இல்லை. சும்மாவே."

"சும்மாவேவா?"

"சும்மாவே. எனக்கு ஓடணும்."

"விலக்குன்னா சாஸ்திரம், நான் உள்ள நிக்கறேன். சும்மாவே நான் சமையல் பண்றேன்னா தெருவுல நாலு பேர் என்ன சொல்லுவா?"

"நீங்க உள்ள நிக்கறது தெருவுக்கு எப்படித் தெரியும்?"

"தீயற வாசனைலயே தெரிஞ்சுடும்," என்றார் அவர், சிரிக்காமல்.

தெவசம் நன்றாக நடந்தது. வாழைக்காய்க் கறியிலிருந்து எள்ளுருண்டை வரை அவள் கைப்பட்டது, வாத்தியார் இரண்டாம் தடவை பிரண்டைத் துவையல் கேட்டார். வியாழக்கிழமை டாக்டரிடமும் போனாள். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை எழுதினார். இந்த வயதில் சில மாதம் வராது, வந்தால் அதிகமாகப் போகும், ஓடுவது நல்லதுதான், மயக்கம் வந்தால் மட்டும் அசட்டையாக இருக்க வேண்டாம் என்றார். பட்டாபிராமன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வந்தது. காமு எழுந்தாள், ஷூவை மாட்டினாள், அடுப்பைத் தொடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தார், சமையலறை அப்படியே கிடந்தது. புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமையும்.

ஓடுவதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. ஏரிக்கரையில் ஒவ்வொரு சுற்றிலும், வீட்டுத் தெரு திரும்பும் இடம் வரும்போது கால் தானாக அந்தப் பக்கம் இழுத்தது. ஒரு வாணலி உப்புமா கிளறிவைக்க எத்தனை நேரம் ஆகும்? கிளறிவிட்டால் அப்புறம் இந்த ஜன்மத்தில் திங்கட்கிழமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனாள்.

"அம்மா, அப்பா ஸ்டேஷன்ல போண்டா சாப்பிடறாராம். அவருக்கு கொலஸ்ட்ரால் இருக்கு, தெரியுமோன்னோ?" என்றாள் ஸ்ம்ருதி. இப்போது அவளுடைய கவலை அப்பா பக்கம் மாறியிருந்தது.

"சாப்பிடட்டும். உப்புமா பண்ணத் தெரிஞ்ச மனுஷன்தானே."

"நீ பிடிவாதக்காரி ஆயிட்டே."

"ஆமாண்டி."

மூன்றாவது வாரம், ஓடிவிட்டு வந்த காமு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இட்லி மாவுப் பாக்கெட் இருப்பதைப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது. தொட்டியில் ஒரு தோசைக்கல், ஓரமெல்லாம் கருகி ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கார்த்திகை முழுக்க அவள் ஓடினாள். கனமான நாளும் வந்தது, லேசான நாளும் வந்தது. விலக்கு வராவிட்டாலும் உடம்பு ஏதோ ஒரு கணக்கில் சூடேறுவதும் தணிவதுமாகத்தான் இருந்தது. கனமான நாளில் மெதுவாகப் போனாள், பாதி நடந்தாள். போகாமல் மட்டும் இருக்கவில்லை.

மார்கழி ஓட்டத்தன்று விடிகாலையில், நான்கு மாதம் வராதது வந்தது. சேர்த்து வைத்துக்கொண்டு வந்த மாதிரி வந்தது.

பட்டாபிராமன் விழித்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "நல்லதாப் போச்சு. இன்னிக்கு சாஸ்திரப்படியே போலாம்."

"இல்லேன்னா. இன்னிக்கு வராம இருந்தாலும் போயிருப்பேன்," என்றாள் காமு. "அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ." பின்னறைப் பாய் விஷயம் இன்னும் அப்படியேதான் இருந்தது. அதை வேறொரு நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

பனியில் ஏரிக்கரை பூங்கா வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கிறிஸ்டினாவிடம் விஷயத்தைச் சொன்னாள். "ஓடலாம்க்கா. தலை சுத்தினா, காது அடைச்சா, அந்த எடத்துலயே நின்னுடணும். வீராப்பு காட்டக் கூடாது."

முதல் பாதி நன்றாகவே போனது. வயிற்று வலி வழக்கம்போல் வழிவிட்டது. செம்பாக்கம் தாண்டித் திரும்பும் இடத்தில், தண்ணீர் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில், முழங்கால் இரண்டும் உள்ளுக்குள் வெறுமையாகிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணோரம் இருட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிறிஸ்டினாவும் நின்றாள். "என்னக்கா?"

"நான் இங்கயே நிறுத்திக்கறேன்."

"இன்னும் பாதிதான். நடந்துகினே வர்றீங்களா? மெடல் வேணாமா?"

காமு யோசித்தாள். போன வருஷமாக இருந்தால் ஊர்ந்தாவது போயிருப்பாள். மூன்று நாளில் கிடைத்ததை மூன்று நாளுக்குள் தின்றுவிட வேண்டும், அடுத்தது எப்போது, வருமா வராதா என்று யாருக்குத் தெரியும்? அப்படி ஓடினவள்தான்.

"நீ போ. இது நின்னப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து மீதியை ஓடிக்கறேன்."

கிறிஸ்டினா அவளை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள், ஆட்டோவுக்குக் கைகாட்டி ஏற்றிவிட்டுத்தான் ஓடினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அடுத்த வாரமில்லை, அதற்கடுத்த வாரம்தான் வந்தது. நடுவில் டாக்டர், மறுபடி மாத்திரை, ஸ்ம்ருதியின் எண்ணற்ற வீடியோ கால்கள். உதிரம் நின்று, படி ஏறினால் மூச்சு வாங்காத அளவுக்கு உடம்பு தேறிய பிறகு, காமு ஒரு விடிகாலையில் ஷேர் ஆட்டோ பிடித்துச் செம்பாக்கத்தில் அதே இடத்தில் இறங்கினாள். மேசை இல்லை. தண்ணீர் கொடுக்க யாரும் இல்லை. டீக்கடைக்காரர் ஒருவர் ஷட்டரைத் தூக்கியபடி இவளைப் பார்த்தார்.

துப்பட்டாவை முடிந்துகொண்டு அங்கிருந்து ஓட ஆரம்பித்தாள். வேகமில்லை. பள்ளி வேன்கள் ஒலியெழுப்பிக் கடந்தன, பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார், எங்கிருந்தோ ஒரு நாய் சிறிது தூரம் கூட வந்து, சலித்துப்போய் நின்றுவிட்டது. ஏரி தெரிந்தபோது வெயில் ஏறியிருந்தது. பூங்கா வாசலில் அன்று கட்டியிருந்த துணிப் பதாகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். காமு கேட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சீராக்கினாள். பள்ளி ஆபீசைத் திறக்க நேரமாகிவிட்டது, சாவி அவளிடம்தான் இருந்தது. நிமிர்ந்து, வீட்டை நோக்கி நடந்தாள்.